ஹெர்னியா என்று சொல்லச் சொன்னார்கள்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் படிக்கிற இடத்தில் என் உடம்பைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

சென்ற ஆண்டு கத்திரி வெயில் நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். தகட்டை மெஷினில் வைத்து அடித்து எடுக்கிற வேலை. தலைக்கு மேலேயும் தகரம்தான். அன்று சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். யாரோ அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். காற்றுப் படட்டும் என்று சட்டையைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு பனியன்களையும் கழுத்துவரை சுருட்டிவிட்டிருந்தார்கள்.

நான் தண்ணீர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் சட்டையை இழுத்து மார்பை மூடிக்கொண்டேன். பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

அந்த வெயிலில் இரண்டு பனியன் எதற்கு என்று கேட்பீர்கள். பள்ளியில் படிக்கும்போதே எனக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல வளர ஆரம்பித்தது. வயது ஏறினால் தானாக அமுங்கிவிடும் என்றார்கள். அமுங்கவில்லை. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடினேன். பட்டினி கிடந்தேன். வயிறுதான் ஒட்டியது. அப்புறம் மறைக்கப் பழகிக்கொண்டேன். பனியன் மேல் பனியன், தொளதொள சட்டை, ரயிலில் நெஞ்சோடு அணைத்தபடி சாப்பாட்டுப் பை. ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிப்பார்கள். நான் கிரீஸ் வாடையோடே திருநின்றவூர் வீடு வரைக்கும் வருவேன்.

இவ்வளவு மறைத்தும் ஒன்றும் மறையவில்லை. பக்கத்து மெஷின்காரர் எனக்கு எப்போதோ ‘அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. நான் விழுந்த அன்று என்னைத் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்தவரே அவர்தான். ஆனால் அவர் வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் பிளாட்பாரத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “அக்கா, லேடீஸ் பெட்டி அந்தாண்ட கீது, இங்க இன்னா பண்ற?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவரைக்கூட மன்னித்துவிட்டேன். என்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மயங்கி விழுந்த அன்று சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. “உயிர் போற நேரத்துலகூட சட்டையைத்தான் புடிச்சிருப்பீங்க போல. வாங்க, போய் டாக்டரைப் பாத்துடலாம்” என்றாள்.

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். இது வெறும் கொழுப்பு இல்லை, உள்ளே சுரப்பி வளர்ந்திருக்கிறது, நீங்கள் எவ்வளவு ஓடினாலும் போகாது, ஆண்கள் நிறைய பேருக்கு இருக்கிறது, வேண்டுமானால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். சொத்தைப் பல்லைப் பிடுங்குவது பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பற்றிச் சிரிக்காமல் பேசிய முதல் ஆண் அவர்தான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வியாதியே இல்லாததற்குக் கத்தி எதற்கு என்றார் என் அண்ணன். இந்த வயதில் யாரிடம் காட்டப் போகிறாய் என்றும் கேட்டார். எனக்கு நானே காட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். என் மனைவியின் தம்பிதான் கடைசியில் வழி சொன்னான். “மாமா, பண்ணிக்கங்க. ஆனா கேக்குறவங்க கிட்ட ஹெர்னியான்னு சொல்லிடுங்க. மானம் போயிடும்.” கம்பெனியில் லீவு கேட்கும்போது அப்படித்தான் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பட்டைச் சட்டையை மாட்டி, உள்ளே சேருகிற நீர் வடிய இரண்டு அக்குளுக்குக் கீழேயும் டியூப் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டியூப் முனையில் சின்ன பாட்டில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மெஷின்காரரும் ஸ்டோர் கீப்பரும் ஆப்பிள், ரொட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்கள். நான் அவசரமாகப் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டேன். ஸ்டோர் கீப்பருக்கு முன்பு உண்மையாகவே ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. எந்தப் பக்கம் என்று ஆசையாகக் கேட்டார். வலது பக்கம் அடிவயிற்றைக் காட்டினேன். தனக்கும் அதே பக்கம்தான் என்று சந்தோஷப்பட்டு, இருமும்போது தலையணையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும், குடம் தூக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஃபேன் காற்றில் போர்வை நகர்ந்துவிட்டது.

பக்கத்து மெஷின்காரர் குனிந்து பார்த்தார். “இன்னாப்பா, ஹெர்னியான்னாங்க. டியூபு அக்குள்ல கீது?”

கை தானாகப் போர்வையைத் தேடியது. அந்தக் கையைப் பார்த்தேன். மயங்கி விழுந்த அன்று சட்டையை இழுத்த அதே கை. சதையை வெட்டி எடுத்தாகிவிட்டது, இந்தக் கை மட்டும் இன்னும் மூடிக்கொண்டே இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. போர்வையை விட்டுவிட்டேன்.

“ஹெர்னியா இல்லப்பா. எது இருக்குதுன்னு என்னை அக்கா அக்கான்னு கூப்ட்டியோ, அதை எடுத்துட்டேன். இனிமேலும் கூப்டணும்னா கூப்டு. ஆனா நான் சிரிக்க மாட்டேன்.”

அதற்குள் என் மனைவி தட்டோடு வந்தாள். கேட்டிருப்பாள் போல. “ஆமாண்ணே, மார்ல ஆபரேஷன். நல்லா இருக்காரு. டீ எடுத்துக்கங்க” என்றாள், ஊரில் மழை பெய்ததைச் சொல்வது போல.

பக்கத்து மெஷின்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீயைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வலிக்குதாப்பா?” என்று மட்டும் கேட்டார். வலிக்கிறது என்றேன். ஸ்டோர் கீப்பர்தான் பாவம், தன் ஹெர்னியாவுக்குத் துணை கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்தார்.

எல்லோரும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்று சொன்னதை இளம் வயதிலேயே சொல்லியிருந்தால் எனக்கும் கத்தி தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. ஆனால் செய்துகொண்டதில் எனக்கு வெட்கமில்லை, வருத்தமும் இல்லை. இரண்டு பனியனைப் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்குச் சொல்கிறேன்: உடம்பு உங்களுடையது, சிரிக்கிறவனுடையது இல்லை.

அவர்கள் வந்துபோன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூபை எடுத்துவிட்டார்கள். மத்தியான ரயிலில் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தது. பையை என் மனைவி வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டாள்.