துட்டிக்கு அடைத்த பேக்கேஜ்

நேற்று நீங்கள் இருவரும் பள்ளி வேலைக்காக லேப்டாப்பில் ஏதோ ஏற்றினீர்கள். கறுப்புத் திரையில் அதற்கு வேண்டிய சின்னச் சின்ன புரோகிராம்கள் பெயர் பெயராக ஓடின. "இம்புட்டையும் யாருப்பா செஞ்சா?" என்று சின்னவள் கேட்டாள். எனக்கு லேப்டாப் சூடேறிய வாடைதான் மூக்கில் ஏறியது.

ராஜபாளையத்தில் நான் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்த கடையின் வாடை அது. மின்விசிறி ஒன்றுதான், காற்று முதலாளிக்கு. தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

பக்கத்து மேசையில் முருகேசண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், செல்போனில் வேறு பாஷை போலத் தெரியும். அதைச் சரியாக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார். அதைத்தான் பேக்கேஜ் என்பார்கள். முகம் தெரியாத பலருடைய பெரிய புரோகிராம்கள் அன்றாடம் அங்கே வந்து அதை எடுத்துக்கொண்டுதான் ஓடின.

தினம் காலையில் அவர் திரையைப் பார்த்து உருகுவதைக் காதல் கடிதம் என்று நினைத்த ஆள் நான். எல்லாம் புகார். புது மெஷினில் ஓடவில்லை. திங்கட்கிழமைக்குள் சரிசெய். ஒருவன் சோம்பேறி என்றே எழுதியிருந்தான்.

"சும்மாதானண்ணே குடுக்கீய. முடியாதுன்னு எழுதுங்க."

"அவன் வேலை நின்னுபோகும்லே" என்பார். மதியச் சோறு ஆறிக் கிடக்கும்.

ஒரு மழைநாளில் அவர் அம்மா இறந்துபோனார். சாவு விழுந்தால் நம் ஊரில் முதலில் கடையை அடைப்பார்கள். அண்ணனும் அதைத்தான் செய்தார். பேக்கேஜை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, 'அம்மா காலமாகிவிட்டார், காரியம் முடிந்ததும் திறக்கும்' என்று எழுதிவைத்துவிட்டுச் சுடுகாட்டுக்குப் போனார். அவருக்கு அது ஷட்டரை இறக்குவது. அதை நம்பி ஓடியவை எல்லாம் அங்கங்கே நின்றுபோயின.

நான் துட்டி கேட்கப் போனபோது ஈரத்தலையோடு பெஞ்சில் லேப்டாப்பை விரித்திருந்தார். வசவு வந்துகொண்டே இருந்தது. ஒருவர் மட்டும் நல்லவிதமாக எழுதியிருந்தார்: 'வருந்துகிறோம். எத்தனை மணிக்குச் சரியாகும்?'

உள்ளேயிருந்து தங்கச்சி கூப்பிட்டது. "அண்ணே, அம்மாவுக்கு விளக்கேத்தணும்."

"செத்த இரு, வாரேன்."

"ஏண்ணே, அம்மாவ விட அவிய பெருசா?"

அவர் நிமிரவில்லை. விளக்கைத் தங்கச்சியே ஏற்றியது. பேக்கேஜைத் திரும்ப வைத்தார், அதோடு தீரவில்லை. காரியம் முடியும்வரை வந்தவர்களுக்கு ஒரு கையால் கும்பிடு, மறு கையால் தட்டச்சு.

இப்போது அந்தக் கடை இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த வேலைக்கு வேறு வழி செய்துகொண்டன. பேக்கேஜை யாரும் தேடுவதில்லை. புகாரும் நின்றுவிட்டது. செட்டியார்பட்டி பஸ்ஸில் அண்ணனைப் பார்த்தபோது, இனி நிம்மதிதானே என்றேன்.

"அம்மாவ நெனச்சு அழணும்னு உக்காருவேன்லே," என்றார். "அவ மொகம் வரமாட்டேங்கு. அன்னைக்கு வந்த புகாருதான் வரிவரியா வருது."