மூடி வைத்த சோறு

தொண்ணூறுகளில், இத்தாலியத் துறைமுக நகரொன்றின் கால்சாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டில், குளிர்காலம் முழுக்க, அறைகளைச் சூடாக்கும் பொயிலரின் அமுக்கம் காட்டும் முள் விழுந்துகொண்டே இருந்தது. பழுது பார்க்க மன்னார்க்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, சற்றே கூனிய நெடிய உடம்பு. குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் புறங்கையால் தடவி, அந்தக் கையைக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பார்.

“கையை ஏமாத்தலாம், கன்னத்தை ஏலாது.”

எங்கும் ஒழுக்கு இல்லை. கடைசியாக, மிலானோ நகரத்துக்குக் குடிபோய்விட்ட, அந்த வீட்டு மகனின் அறையைத் திறந்தோம். ரேடியேட்டரின் கீழே ஒரு கோப்பையில் தண்ணீர் இருந்தது. காற்று அடைத்தால் அறை சூடேறாது என்று அவன் தாய், வீட்டுக்கார சின்யோராதான் காலைகளில் அதன் திருகாணியைத் திறந்துவிட்டிருக்கிறார். காற்றோடு தண்ணீரும் போய்க்கொண்டிருந்தது.

“திறக்க வேண்டாமெண்டு சொல்லட்டோ அண்ணை?”

“வேண்டாம் தங்கச்சி. முள் விழுந்தா நீங்கள் பொயிலருக்குக் கீழை இருக்கிற குழாயைத் திறந்து தண்ணி விடுங்கோ.” கருவிப் பையை மூடினார். “என்ரை அம்மாவும் அங்கை ஒவ்வொரு மத்தியானமும் எனக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறவ. நான் வரமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும்.”

பிறகு அவரை நான் காணவில்லை. முள் மெல்ல ஏறும்வரை குழாயைப் பிடித்தபடி நிற்கையிலெல்லாம், அந்தச் சோற்றைப் பின்னேரம் யார் சாப்பிடுவார்கள் என்று யோசித்திருக்கிறேன். கேட்டிருக்கலாம்.