செத்தவீடு பார்க்காத கார்ட்

போன கிழமை பாரிஸில், லா சப்பல் மெத்ரோ ரயில் வாசலில் ஒருவன் நிலத்தில் துணி விரித்து, பழைய சார்ஜர், தொலைக்காட்சி ரிமோட், ஒற்றைச் சப்பாத்து என்று கண்ட கண்ட சாமானெல்லாம் பரப்பி வைத்திருந்தான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறைய, டிஜிட்டல் கமராவுக்குள் போடுகிற மெமரி கார்டுகள். குனிந்து ஒன்றை எடுத்தேன். எடுத்தவன் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பெண் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிரிக்காதீர்கள், இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது.

முந்தி இதே தெருவில் இருந்த மோகன் அண்ணையின் கடைக்கு ஒரு மணம் இருந்தது. ஊசி போடமுதல் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் மணம். டெலிபோன் கடைதான், ஆனால் பின்பக்க மேசையில் அவர் பழைய மெமரி கார்டுகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருப்பார். உடைந்த கமரா, திருப்பிக் கொடுத்த கமரா, ஆரோ விற்றுவிட்டுப் போன கமரா, எல்லாவற்றிலிருந்தும் கழற்றியவை. அவற்றின் செப்புப் பற்களைத் துடைத்து, உள்ளே இருந்ததை அழித்து, புது லேபிள் ஒட்டித் தொங்கவிடுவார். லேபிளில் பிரெஞ்சில் ‘ரெகொந்திசியோனே’ என்று இருக்கும், பழையதைப் புதுப்பித்தது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் வாயில் அது ‘கழுவின கார்ட்’. புதுக் கார்ட் வாங்க எங்களுக்குக் கட்டாது. சனி ஞாயிறில் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்த என்னைப் போன்றவர்கள் எல்லாரும் கழுவின கார்டில்தான் பிழைத்தோம். கிழமை நாளில் நான் லா கூர்னெவ்வில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். சனிக்கிழமை விடிந்தால் கலைஞன். கறுப்புச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்திருப்பேன்.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருந்தது, எங்கள் சனத்திடம் மட்டும்தான் இருந்திருக்கும். செத்தவீட்டில் படமெடுத்த கார்டை மங்கள காரியத்துக்குப் போடக்கூடாது. செத்தவீட்டுக்குப் போய்வந்த ஆள் தலைக்குத் தோய்ந்தால் துடக்கு, அதுதான் தீட்டு, போய்விடும். கமராவை எப்படித் தோய வார்ப்பது? ஆகவே கார்டைத் தனியாக வைக்கச் சொல்வார்கள். நான் இதை நக்கலடிப்பேன். நக்கலடித்துக்கொண்டே என் பையில் இரண்டு சின்னப் பெட்டி வைத்திருந்தேன், செத்தவீட்டுக் கார்டுக்கு நீல நாடா, மங்களத்துக்குச் சிவப்பு நாடா. பயமில்லை என்று வாயால் சொல்லுகிறவனைத்தான் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும்.

லெ பிளாங்-மெனிலில் இருந்த பரமேஸ் அக்கா தன் மகள் கீர்த்தியின் கலியாணத்துக்குப் படமெடுக்க என்னைப் பேசினா. அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கலியாணத்தை முன்னுக்கு இழுத்ததே அதற்காகத்தான், அவர் கையால் தாரை வார்க்க வேண்டும் என்று. டொக்டர்மார் அரை நாள் விட்டிருந்தார்கள். அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. வீடியோ வேண்டாமாம், அவர் இப்படி மெலிந்து நடக்கிறதை ஓடுகிற படத்தில் பார்க்கத் தன்னால் ஏலாதாம். படம் மட்டும் போதும், அதிலும் அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக் குடுக்கிற படம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றா. பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னா:

“தம்பி, செத்தவீட்டுக் கார்ட்டை என்ரை வீட்டுக் காரியத்துக்குக் கொண்டு வந்திடாதேங்கோ. எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருக்குது.”

என் பையில் அப்போது ஒரு நல்ல கார்ட் இருந்தது. காசு சேர்த்து வாங்கின ஒரே புதுக் கார்ட், பெரியது, என்னிடம் இருந்தவற்றிலேயே நம்பக்கூடியது. ஆனால் அதற்கு முதல் கிழமை அவசரத்தில் அதைப் போட்டு ஒரு செத்தவீடு எடுத்துவிட்டேன். அக்கா கேட்டிராவிட்டால் சத்தம்போடாமல் அதையே போட்டிருப்பேன். கேட்டபிறகு மனம் ஓமென்று சொல்லவில்லை. நேரே மோகன் அண்ணையிடம் போனேன். அவர் கம்பியில் தொங்கினவற்றைத் தடவித் தடவி ஒன்றைக் கழற்றித் தந்தார். இது எங்கே இருந்தது என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும்? ஆனால் சுத்தம், நான் கழுவினது” என்றார். நான் அதை மணந்து பார்த்தேன். ஸ்பிரிட் மணத்தது. அதையே சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன், பாருங்கள் என் விசர்த்தனத்தை.

லா கூர்னெவ்வில் கிடங்குகளுக்கு நடுவில் ஒரு மண்டபம். அன்று வானம் காலையிலேயே இருண்டு கிடந்தது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்க, வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. கீர்த்தியின் தகப்பனைச் சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஊசி குத்தி வைத்திருந்தார்கள். மண்டபத்தில் கதை ஒரு கணம் நின்று, பிறகு எல்லாரும் தேவைக்கு மிஞ்சின சத்தத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்து, “வடிவா எடும், தம்பி” என்றார்.

தாரை வார்க்கிற நேரம் அவர் எழும்பி நின்றார். பிடிக்கப் போனவர்களை வேண்டாம் என்று தள்ளினார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, அக்கா செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தா. நான் முழங்காலில் நின்று, ஆளை ஆள் மறைக்காத இடம் பார்த்து, தொடர்ந்து கமராப் பட்டனை அமத்தினேன். கமராவின் பின்பக்கத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கீர்த்தி கூறைச்சேலை மாற்றப் போன இடைவெளியில், நிறைந்துபோன கார்டைக் கழற்றிவிட்டு, சிவப்பு நாடாப் பெட்டியில் இருந்த சின்னக் கார்டைப் போட்டேன். தாலி கட்டி முடிந்ததும் அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கொம்பியூட்டரில் போட்டபோது, தாலி கட்டு இருந்தது, சாப்பாடு இருந்தது. தாரை வார்த்த படங்கள் திறக்க மறுத்தன. திறந்த ஒன்றிரண்டும் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தன. கார்டைத் தூக்கிக்கொண்டு மோகன் அண்ணையிடம் ஓடினேன். அழிந்ததைத் தேடி எடுக்கிற புரோகிராம் தன்னிடம் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கீர்த்தியின் தகப்பன் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வந்துவிட்டது.

கீர்த்தியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் நேரே கடைக்கு வந்தாள். கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. மோகன் அண்ணை புரோகிராமை ஓடவிட, திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதலில் வெள்ளைப் பூக்கள். கலியாண மாலை என்று நினைத்தேன். அடுத்ததில் ஒரு பெட்டி. அதற்கடுத்ததில் கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் ஒரு குழியைச் சுற்றி நின்றார்கள். ஆரோ முன்பின் தெரியாதவர்களின் செத்தவீடு. கலியாணத்தன்று முழுக்க அது எங்களோடு மண்டபத்தில் இருந்திருக்கிறது. மோகன் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. திரையை அணைக்கக் கை நீட்டினார்.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றாள் கீர்த்தி. “அப்பா இதுக்குப் பின்னாலை இருப்பார்.”

இருந்தார். அந்தப் பெட்டியையும் பூக்களையும் தாண்டி அவர் வந்தார், பாதியாக. ஒரே ஒரு படம்தான் தேறியது. மேல்பாதியில் அவர் முகம், தலைப்பாகை, கண்ணில் ஒரு சிரிப்பு. நெஞ்சுக்குக் கீழே சாம்பல் பட்டை. கை மூன்றும் அதற்குள் போய்விட்டன. கலியாணத்துக்கு வந்தவர்கள் எடுத்த படங்களையும் அவள் கெஞ்சிக் கெஞ்சி வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்த இடத்தில் என் முதுகு. அகலமான முதுகு என்று அம்மா பெருமையாகச் சொல்லுவா, அன்றைக்கு அதை வெட்டி எறியலாம் போல இருந்தது.

தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் அவள் எங்களைக் கேட்டுக்கொண்டாள். பரமேஸ் அக்கா அறிந்திருந்தால், அந்தக் கார்ட்தான் தன் மனுசனைக் கொண்டுபோனது என்று சாகும்வரை நம்பியிருப்பா. அவவிடம் கமரா பழுது என்றோம். அவ அந்த முகத்தைப் பார்த்து, இதுதான் வடிவான படம் என்று, அந்தியேட்டிக் கல்வெட்டின், அதாவது முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுமலரின், அட்டைக்கு அதையே கொடுத்தா. மங்களப் படம் நினைவுமலர் அட்டையில் வந்தது. அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

மோகன் அண்ணையின் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ஆள் லண்டன் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. கார்டை ஆரும் கேட்பதில்லை, அது எங்கே போய் வந்தது என்றும் கேட்பதில்லை. ஒரே டெலிபோனில் செத்தவீடும் பிறந்தநாளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன, ஒருவருக்கும் நெஞ்சு இடிப்பதில்லை. பரமேஸ் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டா.

அக்காவின் அந்தியேட்டி முடிந்து கொஞ்சக் காலத்தில் கீர்த்தியை லா சப்பல் மெத்ரோ மேடையில் கண்டேன். சுகம் விசாரித்தோம். பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

“அண்ணை, அண்டைக்கு ஆரையும் விடக் கிட்ட நிண்டது நீங்கள்தான். அப்பான்ரை கை என்ரை கைக்கு மேலையோ, கீழையோ? எனக்கு அந்தப் பதட்டத்திலை ஒண்டும் ஞாபகம் இல்லை. அம்மா கீழை எண்டுதான் சொன்னவ. இவர் மேலை எண்டுறார்.”

ஒரு பதிலைச் சொல்லி அவளை ஆறவைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் அந்த நேரம் பார்த்தது அவர் முகத்தை. முகம் தெளிவாக விழுந்தால் மற்றதெல்லாம் கார்டில் பதியும், பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாது பிள்ளை என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. தன் வலது கையை இடது கைக்கு மேலே வைத்துப் பார்த்தாள். பிறகு கீழே வைத்துப் பார்த்தாள். மெத்ரோ வந்து கதவு திறந்தபோதும் அவள் அப்படியே நின்றாள்.