ஒன்பதாம் பக்கம்

மேலாண்மைக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் பிரிண்டருக்குப் பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் 'பென்சில் அக்கா' என்பார்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். நல்ல தலைவன் யார், ஒரு கம்பெனி எதற்காக இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் பாடம் நடத்துவார். அதற்கான கம்பெனிக் கதைகளை அலைந்து விசாரித்து எழுதுவது அக்காவின் வேலை.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் முதலாளிக்கு செக்ரட்டரி. அந்த மனுஷன் எதையும் படிக்கமாட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அக்கா பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைப்பார். பேனா நேரே அங்கே போய் இறங்கும்.

ஒருநாள் வேலைநீக்கப் பட்டியல் வந்தது. நாற்பது பேர். இருபத்தேழாவது பெயர் அக்காவின் அண்ணன், லேத் மெஷினில் பத்தொன்பது வருஷம் நின்றவன். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்து, ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கெஞ்சினார் அக்கா.

"படிக்கறதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன். குறி எங்க?" என்றார் முதலாளி.

அக்காவின் கை குறி போட்டது. சாப்பாட்டு நேரத்தில் நாற்பது போன்களுக்கும் செய்தி போனது. மறுவாரம் அக்காவும் வேலையை விட்டார், ஆனால் அண்ணன் மனசு இறங்கவில்லை. "குறி போட்ட கை உன்னுதுதானே" என்றான். அதோடு ஆறு வருஷம் பேச்சில்லை.

இதற்கிடையில் முதலாளி மேடை மேடையாக ஏறி, 'மனிதர்களே எங்கள் நோக்கம்' என்று முழங்கிப் பேர் வாங்கிவிட்டார். அவரைப் பற்றிப் பாடம் வேண்டும் என்றார் பேராசிரியர். அக்கா ஒளிக்கவில்லை, அங்கே வேலை பார்த்ததையும் அண்ணன் கதையையும் சொன்னார். பேராசிரியர் யோசித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும், முதலாளியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் வகுப்புக்குள் நுழையாது என்றார்.

அந்த நாற்பதில் முப்பத்தொரு பேரைத் தேடிப் பிடித்தார் அக்கா. முதல் எட்டுப் பக்கம் முதலாளியின் பேச்சு. ஒன்பதாம் பக்கம் நாற்பது பெயர்கள், உழைத்த வருஷங்கள், செய்தி வந்த நேரம். ஒன்பது பக்கத்தையும் வைத்து, மேலே சம்மதப் படிவம். அதன் அடியில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

முதலாளிக்கு அனுப்பியது மூன்றாம் நாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

முதலாளியே விருந்தினராக வகுப்புக்கு வந்தார். அறுபது பேர் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், ஒன்பதாம் பக்கத்துல நாற்பது பேர் இருக்காங்க. பார்க்காம ஒருத்தர் பேராவது சொல்லுங்களேன்."

அவர் அன்றுதான் பக்கத்தைப் புரட்டினார். முகம் வெளிறியது. இதற்குத் தான் சம்மதிக்கவே இல்லை என்றார். பேராசிரியர் படிவத்தைத் திரையில் போட்டார். கையெழுத்துக்கு அடியில் அந்தப் பென்சில் குறி, இப்போது ஆள் உயரத்துக்கு.

முதலாளியின் கண் கடைசி வரிசைக்குப் போனது. அக்கா நிதானமாக எழுந்து நின்றார்.

"படிக்கறதுக்கு வேற ஆள் வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன், சார்."

சாயங்காலம் போன் அடித்தது. அண்ணன். முதலாளி வகுப்புக்கு வரும் நாள் தெரிந்த முப்பத்தொரு பேரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னார். இன்னொரு தடவை கேட்டான், சொன்னார். பின்னால் பிரிண்டர் அடுத்த வகுப்புக்கு அறுபது பிரதி அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னான்.