இரண்டாவது பிரேக்

என் தம்பி பாவாடை இறந்தது காமாலையில். லாரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் லாரியைப் பற்றித்தான் கேட்டார்கள். "எத்தினி வருஷமா லாரி ஓட்டினாரு?" என்று கேட்ட ஒருவருக்கு மூன்று என்றேன். அடுத்தவருக்கு இரண்டரை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அமிர்தவல்லி இரண்டு முறையும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் அவனுக்கு லாரி ஓட்டத் தெரியாது.

பாவாடை என்ற பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்காவது இருக்கும். பாவாடைராயன் சாமியின் பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவிட்டு, "அளவு குடுங்க, தெச்சுத் தரேன்" என்பான். பல வருடங்கள் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றிவரும் சின்ன லோடு வண்டி ஓட்டினான். இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் முதலாளி அந்த வண்டியை விற்றுவிட்டார். அதன்பிறகு மார்க்கெட் வாசலில் நின்று, யாராவது டிரைவர் வராத அன்று கூப்பிட்டால் போய் ஓட்டுவான். கூப்பிடாத நாட்களே அதிகம். அவனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் குருசுக்குப்பத்தில் இருந்த ரொபேர் ஒரு பழைய லாரி வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். அவரை எல்லோரும் முசியே என்பார்கள், பிரெஞ்சில் ஐயா. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து சென்னைக்குச் சரக்கு அடிக்கலாம் என்பது அவர் எண்ணம். தனியாகப் போய்ப் பேச பாவாடைக்குக் கூச்சம். நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், படித்தவள் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனான்.

ரொபேர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்கிட்ட பெர்மி இருக்குதா?" என்றார்.

"பெர்மிட்டா முசியே? அதெல்லாம் ஒரு வாரத்துல எடுத்துடலாம். ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு."

"ஒரு வாரத்துலயா? கெட்டிக்காரன்தான் நீ."

பிரெஞ்சுக்காரர்கள் பெர்மி என்பது ஓட்டுநர் லைசென்ஸை. பாவாடை சொன்னதோ லாரி ரோட்டில் ஓட வாங்கும் பெர்மிட்டை. இந்த ஊரில் இரண்டு வார்த்தையும் தினம் காதில் விழுகிறது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று அமிர்தவல்லி அன்று கேசரி கிண்டினாள்.

பொங்கல் கழித்து லாரி வந்தது. பாவாடை பெர்மிட் விண்ணப்பத்தோடு போய் நின்றான்.

"இது வண்டியோட காயிதம். உன் பெர்மி எங்க?"

"இதான் முசியே பெர்மிட்டு."

"நான் கேட்டது பெர்மி."

"அதான் முசியே, பெர்மிட்டு."

கொஞ்ச நேரம் இப்படியே போனது. கடைசியில் ரொபேர் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காற்றில் கையைச் சுழற்றிக் காட்டிய பிறகு, பாவாடை சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தான். அது சின்ன வண்டிக்கான லைசென்ஸ். ரொபேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்பட்டாரா, சிரிப்பை அடக்கினாரா என்று தெரியவில்லை. "சித்திரை ஒண்ணு வரைக்கும் தணிகாசலம்னு ஒருத்தன் ஓட்டட்டும். அதுக்குள்ள பெர்மியோட வந்தா சீட்டு உனக்கு. இல்லன்னா அவனுக்கு" என்றார்.

அப்படித்தான் நாங்கள் லாரி ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி தேட ஆரம்பித்தோம். இது சுலபமான காரியம் என்று நினைத்திருந்தேன். ஒரு வேலையைக் கற்க இத்தனை நாள் ஆகும் என்று ஒரு கணக்கு இருக்குமே, எந்தப் பள்ளி அதைச் சரியாகச் சொல்கிறதோ அங்கே சேர்ந்துவிடலாம் என்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில் பதினைந்து நாள் என்றார்கள். வில்லியனூர் ரோட்டில் ஒரு மாதம். ஊருக்கு வெளியே ஒரு பள்ளியில் மூன்று மாதம். அங்கே அறுத்துவைத்த என்ஜின் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூன்று பேருமே மற்ற இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள் என்றார்கள். நான் மறுபடியும் முதல் பள்ளிக்குப் போய், "பதினைஞ்சு நாள் போதுமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எத்தினி நாளு வேணும்?" என்றார் அந்த ஆள்.

"அத நீங்கதான சொல்லணும்?"

"ஒரு மாசம் வேணும்னாலும் பண்ணித் தரேன் மேடம். அதே பாடம்தான், மெதுவா நடத்துவோம்."

வெளியே வந்ததும் பாவாடை, "அக்கா, இவன் தையக்காரன் மாதிரி அளவு கேக்கறான்" என்றான்.

ரொபேரிடமே கேட்டால் என்ன என்று தோன்றியது. ராணுவத்தில் லாரி ஓட்டியவர் ஆயிற்றே. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மழையில ஆரம்பிச்சோம். முடிக்கறப்ப பனி கொட்டிச்சு. இல்ல, அது அடுத்த வருஷப் பனியா?" என்றார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அமிர்தவல்லிதான் முடிவு செய்தாள். "பதினஞ்சு நாள்னா பயமா இருக்கு. மூணு மாசம்னா சித்திரை போயிடும். நடுவுல இருக்கறத எடுத்துக்கோங்க அண்ணி, வம்பே இல்ல."

ஆகவே வில்லியனூர் ரோடு. அங்கே சொல்லிக்கொடுத்தவர் பெயர் முருகையன். பள்ளியின் லாரியில் இடது பக்கத்திலும் கிளட்ச், பிரேக் இருக்கும். பழகுகிறவன் தவறு செய்தால் அங்கிருந்தபடியே வண்டியை நிறுத்திவிடலாம். முருகையன் வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைப்பார். இறங்கும்போதுதான் எடுப்பார்.

முதல் வாரம் பாவாடை சந்தோஷமாக இருந்தான். இரண்டாவது வாரம் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கி பஸ்ஸுக்குப் பின்னால கரெக்டா நிறுத்தினேன்க்கா" என்றான்.

"நல்லதுதானடா."

"நானா நிறுத்தினேன், அவரா நிறுத்தினாரான்னு தெரியல."

"அவரையே கேளேன்."

"கேட்டேன். 'வண்டி நின்னுதா இல்லியா?'ங்கறாரு."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரு காலு, ஒரு லாரி. கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரிதான். யாரு ஓட்டறாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. டெஸ்ட்டில் தேறினான். அன்றும் பள்ளியின் வண்டிதான். அன்றும் முருகையன் கூட இருந்தார். லைசென்ஸ் வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்பதுபோல் நின்றான்.

சித்திரைக்கு இரண்டு நாள் முன்பு இருவரும் ரொபேர் வீட்டுக்குப் போனோம். லைசென்ஸைக் கொடுத்த கையோடு பாவாடை சொன்னான்: "முசியே, பெர்மி இருக்கு. ஓட்டத் தெரியுமான்னு தெரியல."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் சீட்டு அவனுக்கு அப்போதே கிடைத்திருக்கும். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ரொபேர், "தெரிஞ்சுக்கலாம், ஏறு" என்றார்.

லாஸ்பேட்டையில் விமான நிலையத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ரோடு. ரொபேர் லாரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். லாரி நன்றாகத்தான் போனது. ஒரு வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. வண்டி வேகம் குறையாமல் போய், பிறகு இடது பக்கம் திரும்பி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றது. மாடு ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வழியில் போயிற்று.

பாவாடை இறங்கி வந்தான். "மாட்டப் பாத்தேன்க்கா. வண்டி நிக்கும்னு உக்காந்திருந்தேன்" என்றான். அவன் கால் பிரேக்கின்மேல்தான் இருந்திருக்கிறது. அழுத்தவில்லை. முருகையன் அழுத்துவார் என்று அந்தக் கால் காத்திருந்திருக்கிறது.

ரொபேர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "தணிகாசலம் ஐப்பசி வரைக்கும்தான் இருப்பான். அப்புறம் மஸ்கட் போறான். அதுவரைக்கும் நீ அவனோட கிளீனரா போ. அவன் போறப்ப உன்னப்பத்தி இன்னா சொல்றானோ அதான். நல்லா சொல்லலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

கிளீனர் வேலைக்குப் பதினெட்டு வயதுப் பையன்கள்தான் போவார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, கண்ணாடி துடைப்பது, பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்துவது. தணிகாசலத்துக்கு வயது இருபத்தாறு. அமிர்தவல்லி அன்று பேசியதைக் கேட்டால் அடுப்பே அணைந்துவிடும். "லைசென்ஸ வாங்கிட்டு கண்ணாடி தொடைக்கப் போறாராம்! மூணு மாசப் பள்ளியிலயே சேந்திருக்கலாம்."

"அங்கயும் ரெண்டு பிரேக்குதான்" என்றான் பாவாடை.

போனான். போய்வந்த ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், "ஓட்டினியாடா?" சில நாள் "கொஞ்சம்" என்பான். சில நாள் "இல்ல." ஒருநாள், "ஓட்டினேன், ஆனா அவன் காலும் கீழ அழுத்திக்கிட்டே வருது. அங்க பிரேக்கு இல்ல, வெறும் தகரம்தான். இருந்தாலும் அழுத்தறான்" என்றான். அவன் தேறிக்கொண்டு வருகிறானா, தேங்கி நிற்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. புரட்டாசி வந்தது. தணிகாசலத்துக்கு விசா வந்துவிட்டது. ரொபேரிடம் வேலை கேட்டு வேறு இரண்டு பேர் வந்துபோனதாக அமிர்தவல்லி எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு காலையில் பாவாடை உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"தணிகாசலம் தூங்கிட்டான்க்கா."

நான் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தேன். "எங்கடா? இன்னா ஆச்சு? வண்டி எங்க?"

"வண்டி ரொபேர் முசியே வீட்டு வாசல்ல. நான்தான் ஓட்டியாந்தேன். அவன் திண்டிவனம் தாண்டினதும் தூங்கிட்டான். இங்க வந்துதான் எழுந்தான்."

அமிர்தவல்லிதான் முதலில் புரிந்துகொண்டாள். "நீங்க ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டா தூங்கிட்டான்?" என்றாள்.

"குறட்ட விட்டான்."

மூன்று பேரும் ரொபேர் வீட்டுக்குப் போனபோது தணிகாசலம் லாரியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரொபேர் அவனிடம், "நெஜமா தூங்கினியா, கண்ண மூடிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார்.

"எனக்கே தெரியல முசியே. கால அழுத்திக்கிட்டுதான் வந்தேன். எப்ப எடுத்தேன்னு தெரியல. இந்த அண்ணன் எழுப்பறப்ப உங்க வீடு வந்திடுச்சு."

ரொபேர் கையை நீட்டினார். தணிகாசலம் சாவியைக் கொடுத்தான். அதை அவர் பாவாடையிடம் நீட்டினார். பாவாடை வாங்கிக்கொள்ளாமல் நின்றான்.

"மஸ்கட் போறதுக்குள்ள ஒரு தடவ இவனும் கூட வரட்டும் முசியே."

"எதுக்கு? நீதான் ஓட்டிட்டு வந்துட்டியே."

"தெரியல" என்றான் பாவாடை.

மறுநாள் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியபோது நானும் போய் நின்றேன். பாவாடை ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையாட்டியதை அவன் கவனிக்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டும் முன்பே இடது பக்கத்தில் தணிகாசலம் சீட்டின்மேல் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டான்.