ஏணியடியில் சூடம்

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் பாடியில் போர்டு கடை வைத்திருந்தார். அக்ரிலிக் பலகையில் எழுத்து ஒட்டி, கடை முகப்பில் மாட்டிக் கொடுப்பார். ஆணி அடித்தால் பலகை விரிசல் விடும் என்று, இரண்டு பக்கமும் பசை உள்ள நுரை டேப்பால்தான் ஒட்டுவார். ஒட்டுவது சுலபம், கழற்றுவதுதான் எமன். சனியன் பிடித்த டேப், சுவரைப் பெயர்த்துக்கொண்டு வருமே தவிரப் பலகையை விடாது. பசை இளகுவதற்குப் பெட்ரோலில் நனைத்த துணியை மேல் விளிம்பில் பிழிவார். பிறகு பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மீன் பிடிக்கிற நைலான் நரம்பை விட்டு, ரம்பம் மாதிரி இழுத்து இழுத்து அறுப்பார்.

வேலப்பன்சாவடியில் ஒரு ஜவுளிக்கடை. பழைய போர்டை உடையாமல் இறக்க வேண்டும், பூந்தமல்லியில் அவர்கள் திறக்கப் போகிற கடைக்கு அதுதான். வழக்கமாக ஏணி பிடிக்கிற ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டான். நீ வா என்றார். எனக்கு வீட்டில் வேறு வேலையே இல்லை பாருங்கள்! உலையை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

போனால், வாசலை அப்போதுதான் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். மொசைக் தரை. முதலாளி செருப்பைக் கழற்றச் சொன்னார். ஏணியின் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுத்தால் மேலே இருப்பவர் நேராக ரோட்டில்தான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நின்றேன். துணியிலிருந்து பெட்ரோல் ஏணியோரமாகச் சொட்டியது. அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

பாதி டேப் அறுந்திருக்கும். முதலாளி பூசணிக்காயோடு வெளியே வந்தார். அதன் தலையில் சூடம் எரிந்தது. நன்றாக ஓடிய கடையின் போர்டைத் திருஷ்டி கழிக்காமல் இறக்கக் கூடாதாம், ராகு காலம் வருவதற்குள் சுற்றிப் போட வேண்டுமாம்.

"ஐயா, மேல பெட்ரோல் கீது. சூடம் வாணாம்யா" என்றேன்.

நல்ல காரியத்தில் குறுக்கே பேசாதே என்று கையைக் காட்டினார். மூன்று சுற்று சுற்றினார். உடைப்பதற்கு முன் கும்பிட வேண்டுமே, காயைக் கொண்டுவந்து ஏணியடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏணி மேலிருந்த இவரைக் கூப்பிட்டேன். லாரி ஹாரனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏணியை விட்டால் விழுந்து சாவார், விடாவிட்டால் எரிந்து சாவார். கடவுளே, நான் என்ன செய்வேன்? சூடத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சொட்டு விழுந்தது. காலை நீட்டி ஓங்கி உதைத்தேன். சாமிக்கு ஏற்றிய சூடத்தைக் காலால் உதைத்தேன். காய் படியில் உருண்டு சாக்கடையில் போய் விழுந்தது.

முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். என் குடும்பம் விளங்குமா என்று கேட்டார். மேலிருந்து இவரும் என்னையே திட்டினார். பலகையை உடையாமல் இறக்கி வைத்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காகக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு வேறு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

முதலாளி அதோடு விடவில்லை. இன்னொரு காயும் சூடமும் கொண்டுவரச் சொல்லி, இவர் பக்கத்திலேயே நின்று தீக்குச்சியைக் கிழித்தார். அப்போதுதான் இவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஓடினார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் சட்டையைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த துணியில் ஒரு பொத்தான்கூட வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, கால்ல சுட்டுக்கினியா?"

அதுவரை எனக்குத் தெரியவே இல்லை. கட்டைவிரலோரம் கொப்புளித்திருந்தது. போகிறவர் வருகிறவர் பார்க்க, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.