திங்கட்கிழமை மக்காச்சோளம்

ஒரு குழந்தையை நோயில் தள்ளியவள் நான். அந்தப் பழியை இன்றுவரை சுமப்பவள் வேறொருத்தி.

இதைச் சொல்ல எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இப்போதும் உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்லவேண்டிய இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. நீங்கள் என் மில்லுக்கு மாவு அரைக்க வரப்போவதில்லை அல்லவா... அந்தத் துணிச்சல்தான்!

கல்பாக்கம் டவுன்ஷிப்பைத் தாண்டி, சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் மாவு மில். என் கணவர் தொடங்கியது. மாவுத் தூசியால் அவருக்கு இழுப்பு வந்து, டாக்டர் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னபிறகு நான் நடத்துகிறேன். தூசி ஒரு உடம்பை என்ன செய்யும் என்று என் வீட்டுக்குள்ளேயே பார்த்தவள் நான். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாயில்லை.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மிளகாய்க்கு ஒரு மிஷின், மற்ற எல்லா மாவுக்கும் ஒரு மிஷின். எவ்வளவு அரைத்தாலும் கல்லுக்கு நடுவில் முன்னால் வந்தவரின் மாவு கொஞ்சம் தங்கும். மாவு இறங்குகிற துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும். அதனால்தான் கோதுமைக்குப் பின்னால் கோதுமை, கேழ்வரகுக்குப் பின்னால் கேழ்வரகு என்று வரிசை கட்டுவோம். வரிசை மாறினால், அடுத்தவரின் தானியத்தில் ஒரு பிடியை முதலில் போட்டு ஓட்டித் தள்ளிவிடுவோம். ஒரு பிடி தள்ளினால் கல் சுத்தம்... இது எங்கள் தொழிலில் வேதவாக்கு. இருபது வருஷமாக யாரும் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வித்யா மேடம் முதன்முதலாக வந்தபோது கையில் தானியம் இல்லை. ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டி இருந்தது. அவர் கணவருக்கு டவுன்ஷிப்பில் வேலை. மகள் அபிக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குழந்தைக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்பதல்ல, குடலே புண்ணாகிவிடும் வியாதி. ஒரு துளி போனாலும் வயிறு ஊதி, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல், குழந்தை துரும்பாகிவிடும்.

பள்ளித் தோழிகள் எல்லாம் காலையில் பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுச் சாப்பிடுகிறார்களாம். அபியும் கேட்டு அழுதிருக்கிறாள். சோளம்தானே என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார் இந்த அம்மாள். பத்தே நாளில் ஆஸ்பத்திரி! அப்புறம்தான் பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு சைசில் இருந்த எழுத்தைப் படித்திருக்கிறார். ருசிக்காக மால்ட் சேர்த்திருக்கிறார்கள். மால்ட் என்றால் பார்லியில் செய்வது, பார்லியும் கோதுமைக்குப் பங்காளிதான்.

"இத முதன்முதலா நோயாளிங்களுக்குன்னுதான் கண்டுபிடிச்சாங்களாம். என் பொண்ணு இதைச் சாப்பிட்டு நோயாளி ஆயிட்டா" என்று சிரித்தார். சிரிக்கிற முகமா அது?

நான் செய்யூர்ப் பக்கம் பிறந்தவள். நெல்லும் வேர்க்கடலையும் பார்த்து வளர்ந்தவள். எனக்கு மக்காச்சோளம் என்றால் ஒன்று கோழித்தீனி, இல்லாவிட்டால் மாமல்லபுரம் கடற்கரையில் கரியில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அது. அதை ஒரு குழந்தை காலைப் பலகாரமாக எதிர்பார்த்துக் காத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வழி கண்டுபிடித்தது வித்யா மேடம் அல்ல. அவர் வீட்டில் சமையல் செய்த கஸ்தூரி. சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரி. புருஷன் கட்டுமரத்தில் தொடங்கி இப்போது ஃபைபர் படகில் போகிறவன். மக்காச்சோள மாவைத் தண்ணீராகக் கரைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, தோசைக்கல்லில் மெல்லிசாக இழுத்து, மொறுமொறுவென்று ஆனதும் நொறுக்கிப் போட்டாள். பாலில் போட்டால் பெட்டியில் வந்ததைப் போலவே சத்தம் போட்டதாம். அபி கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பாளாம்.

அதற்கு மாவு வேண்டும். கடையில் விற்கிற மாவு எதனோடு எதனோடு அரைபட்டதோ... ஆகவே என்னிடம் வந்தார்கள்.

ஞாயிறு மில்லுக்கு விடுமுறை. திங்கள் காலை ஏழு மணிக்கு, வேறு எதையும் அரைப்பதற்கு முன்னால், மிஷினைப் பிரித்துக் கல்லை பிரஷ்ஷால் தேய்த்து, புளோயரால் ஊதி, அபிக்கென்றே என் பழைய பச்சைப் புடவையில் தைத்த துணிக்குழாயை மாட்டி, முதல் ஒரு படி சோளத்தை அரைத்து வெளியே கொட்டவேண்டும். அதன் பிறகு விழுகிற மாவுதான் அபிக்கு. கொட்டின மாவைத் தின்னப் பக்கத்து வீட்டுக் கோழிகள் திங்கட்கிழமை தவறாமல் வாசலில் நிற்கும்.

ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தேன். அபி தேறினாள், கன்னம் வைத்தது. வித்யா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு காலையில சாப்பிடறா... அதுக்குக் காரணம் நீங்க ரெண்டு பேரும்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை!

பிறகு ஒரு திங்கட்கிழமை பராமரிப்புக்கென்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். வந்தபோது மணி இரண்டு. வாசல் முழுக்கக் கோதுமை டின்கள். நான் பிரஷ்ஷை எடுத்ததும் வரிசையில் நின்ற ஒருவர் கத்தினார்.

"இன்னாக்கா, கரண்ட்டு வந்தாச்சு, இன்னும் கல்ல தொடச்சிகினு கீற? ஒரு புள்ளைக்காவ ஊரே நிக்கணுமா?"

கோதுமையை அரைத்தேன். நாலு மணிக்கு வித்யா மேடத்தின் சோளம் இன்னும் மூலையில் இருந்தது. ஐந்து மணிக்குக் கஸ்தூரி வாங்கிப்போக வருவாள். மிஷினைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும். நான் பிரிக்கவில்லை. இரண்டு பிடி சோளத்தைப் போட்டுத் தள்ளினேன். ஒன்றுக்கு இரண்டாக! மாட்டியிருந்த வெள்ளைக் குழாயைத் தட்டிவிட்டு அதிலேயே மாவைப் பிடித்தேன்.

அன்றிரவு பயந்தேன். அது உண்மை. அந்த வாரம் முழுவதும் பயந்தேன். ஆனால் அடுத்த திங்கட்கிழமை வந்தபோது, "அபி எப்படி இருக்கா?" என்று கேட்டதற்கு, "ஓடியாடிக்கினு கீதுக்கா" என்றாள் கஸ்தூரி.

ஒன்றும் ஆகவில்லை... அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. இத்தனை நாள் வீணாகவா மாங்கு மாங்கென்று தேய்த்தேன் என்றுகூடத் தோன்றியது. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அவசரப்படுவார்கள். அவர்களை முதலில் அனுப்பினேன். சோளம் பின்னால் போனது. பச்சைக் குழாய் ஆணியில் தொங்கியது. ஏழெட்டு வாரம் அப்படியே ஓட்டினேன். கோழிகள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. அவற்றுக்கு மட்டும் தெரியும், அந்த வாரங்களில் நான் எதையும் கொட்டவில்லை என்று.

நோய் ஒரே நாளில் வரவில்லை. முதலில் அபி பள்ளியில் தூங்கி விழுந்தாள். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு தலைமுடி கொட்டியது. சென்னையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எங்கிருந்தோ தினமும் கோதுமை உள்ளே போகிறது, வீட்டில் தேடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் தேடினார்கள். கஸ்தூரியின் ஒயர் கூடையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

"என் டீக்குன்னு வாங்கினு வந்தது மேடம். கடலுக்குப் போற என் புருசன் மேல ஆணையா, புள்ளைக்கு ஒரு துண்டு குடுத்ததில்ல" என்று அழுதாளாம். கடலுக்குப் போகிறவன்மேல் குப்பத்துப் பெண் பொய்ச்சத்தியம் செய்யமாட்டாள். அது எனக்குத் தெரியும். வித்யா மேடத்துக்குத் தெரியாது. அன்றே நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் அவரே மில்லுக்கு வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னார். அழுது முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"நீங்க எப்பவும்போல சுத்தம் பண்ணித்தானே அரைக்கிறீங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆணியில் தூசி படிந்து தொங்கிய பச்சைக் குழாய் அவர் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது!

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? என் பொண்ணு மாதிரி பாத்து அரைக்கிறேன்" என்றேன். குரலில் கொஞ்சம் கோபத்தைக்கூடச் சேர்த்தேன். அவர் பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? பிழைப்பு போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட, என் கையைப் பிடித்து அவர் சொன்ன அந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நானே பிறகுதான் கண்டுகொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையிலேயே மில்லைத் திறந்தேன். கல்லை மூன்று முறை தேய்த்தேன். பச்சைக் குழாயை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு மாட்டினேன். ஒரு படிக்கு இரண்டு படியாகக் கோழிக்குக் கொட்டினேன். யார் கத்தினாலும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அபி மறுபடி தேறினாள். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் பாருங்கள்... கஸ்தூரி போனாள், குழந்தை தேறியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "அவ நின்னதும் பொண்ணு சரியாயிட்டா பாத்தீங்களா?" என்று வித்யா மேடம் என்னிடமே சொன்னார். டவுன்ஷிப்பில் நாலு வீட்டுக்கும் சொன்னார். அதன்பிறகு கஸ்தூரியைச் சமையலுக்கு ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. நான் ஒழுங்காகத் தேய்த்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் தலையில் ஓர் ஆணியாக இறங்கியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை என் கையாலேயே செய்து வைத்தேன்.

கஸ்தூரி இப்போது கருவாடு காயவைத்து விற்கிறாள். மில்லுக்கு வருவாள். அவளை வரிசையில் நிற்கவிடமாட்டேன், முதலில் அரைத்துக் கொடுத்துவிடுவேன். "நீ ஒருத்திதாங்கா என்ன இன்னும் மனுசியா பாக்குற" என்பாள். நான் தலையைக் குனிந்து துணிக்குழாயைத் தட்டுவேன்.

முன்பெல்லாம் மாதாமாதம் ரேஷன் கோதுமை கொண்டு வருவாள். இப்போது கேழ்வரகு மட்டும்தான். போன வாரம் சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன்.

"ஏன் கஸ்தூரி, ரேஷன்ல கோதுமை போடறதில்லையா?"

"போட்றாங்கக்கா. நான் வாங்கறதில்ல." கேழ்வரகைத் தொட்டியில் கொட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பல்லாம் காலைல எங்க வூட்ல சப்பாத்தி தேச்சி வெச்சிட்டுதான் அந்த வூட்டுக்குப் போவேன். கைய கழுவிகினுதான் போவேன்... சரியா கழுவலையோ இன்னாவோ. அந்தக் கையாலதான புள்ளைக்கு சோளத்த இழுத்துப் போட்டேன்? பிஸ்கட்டு நான் குடுக்கலக்கா, சத்தியமா குடுக்கல. ஆனா நகக்கண்ணுல மாவு இருந்துக்குமில்ல? அவ்ளோண்டு தூசி போதும்னு மேடம் சொன்னாங்களே."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"நீ மாவுலயே இருக்கறவ. நீயே சொல்லுக்கா. என் கையாலதான் ஆயிருக்குமா?"

எனக்கு விடை தெரியும். அந்த விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். மூன்றடி தூரத்தில் நின்று கேட்கிறாள்...

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடு கஸ்தூரி" என்றேன். "வேணும்னேவா பண்ணே? தெரியாம நடந்தது. மனசுல வெச்சிக்காத."

அவளை மன்னித்தேன்! என் குற்றத்துக்காக, நான், அவளை மன்னித்தேன்!

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு வருஷத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். போகும்போது கூடையிலிருந்து ஒரு கை நெத்திலிக் கருவாட்டை எடுத்து, காகிதத்தில் சுற்றி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேளாமல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. நாளை திங்கட்கிழமை. ஏழு மணிக்கு வித்யா மேடம் மக்காச்சோளத்தோடு வருவார். அதற்குள் அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுக் கல்லைத் தேய்க்கவேண்டும்.